.445 என்னும் எண்: 1962 ஆயுத விதிகளின் ஒரு வரியும் கார்பைனும்

உரிமம் பெற்ற இந்தியக் குடிமகன் 9 மி.மீ. கார்பைன் வாங்க முடியாது. கைத்துப்பாக்கித் தோட்டாவை நீண்ட குழலில் சுடும் இந்தச் சிறு துப்பாக்கி, அமெரிக்காவில் விளையாட்டுப் பொருள் கடையிலேயே கிடைக்கிறது. இங்கே படைக்கும் காவலுக்கும் மட்டுமே உரியது. ஏன் என்று கேட்டால் துப்பாக்கிச் சட்ட வரலாறு பேசுவோரிடம் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது. அதைத் ‘தொடர்ச்சி வாசிப்பு’ என்று இங்கே குறிப்பிடுகிறேன். 1857 கிளர்ச்சியின் அச்சத்தில் 1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார், 1907இல் .450 துளையளவு தடைபட்டது. விடுதலைக்குப் பின் 1959 சட்டமும் 1962 விதிகளும் அதே சங்கிலியின் அடுத்த கண்ணிகள். ஆள்வோர் வலிய ஆயுதத்தைத் தமக்கு வைத்துக்கொண்டு, மெலிய ஆயுதத்தை மக்களுக்கு விட்டார்கள். இதுதான் அந்த வாசிப்பு.

1878 சட்டத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. அதன் நோக்கம் மக்களை நிராயுதபாணி ஆக்குவதே. ஆனால் 1907ஐயும் 1962ஐயும் ஒரே கொள்கையின் இரு படிகளாகப் பார்ப்பது சான்றுகளுக்கு ஒத்துவரவில்லை. ‘வலிமை’ என்ற சொல்லை வைத்து 1962 பட்டியலை விளக்கப் புகுந்தால் முதல் வரியிலேயே இடறுகிறோம்.

1962 விதிகளின் முதல் அட்டவணை, முதல் வகை, (இ) பிரிவைப் பாருங்கள். .303 அல்லது 7.62 மி.மீ. படைத் தோட்டாவை ஏற்கும் ரைபிள்கள், .410 மஸ்கட் தோட்டாவைச் சுடும் மஸ்கட்டுகள், அவற்றை அடுத்துக் கைத்துப்பாக்கி, ரிவால்வர், கார்பைன் என்று மூன்றும் ஒரே தொடரில். எந்தத் துளையளவாக இருந்தாலும் சரி, .380 அல்லது .455 விளிம்புள்ள தோட்டாவையோ, படையின் 9 மி.மீ. அல்லது .445 விளிம்பற்ற தோட்டாவையோ அறைக்குள் ஏற்றுச் சுட வல்லதானால் அது தடைக்குள் வரும். நம் நாட்டில் கைத்துப்பாக்கித் தோட்டா கார்பைனின் தலைவிதியை எழுதியது இந்த ஒரு தொடர்தான். 2016 விதிகள் 1962 விதிகளின் இடத்தைப் பிடித்த பிறகும் வகைப்பாட்டின் எலும்புக்கூடு மாறவில்லை.

இதில் .410 மஸ்கட் எப்படி வந்தது? இச்சாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் .303 லீ-என்ஃபீல்டு ரைபிளின் குழலை வழவழப்பாகக் கடைந்து, மேகசினை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும்படி ஆக்கிக் காவலர்களுக்குக் கொடுத்த துப்பாக்கி அது. தோட்டாவும் .303 கூட்டின் கழுத்தைக் குறுக்காமல் நேராக விட்டது. கிட்டத்தில் கூட்டத்தைக் கலைக்க உதவும்; போர்க்களத்துக்கு உதவாது. காவலரிடமிருந்து பறித்தாலும் .303 தோட்டா அதில் பயன்படாது என்பதே அதன் சிறப்பு. வலிமைதான் அளவுகோல் என்றால் இந்த நோஞ்சான் துப்பாக்கி தடைப் பட்டியலில் எதற்கு? மறுபுறம், .303க்கு மேல் வலிமை கொண்ட .30-06 வேட்டை ரைபிளை அரசுத் தொழிற்சாலையே உரிமதாரருக்கு விற்றது. .315 வேட்டை ரைபிளின் கதை இன்னும் தெளிவானது. அதன் போல்ட் அமைப்பு .303 ரைபிளுடையதேதான், குழலும் அறையும் மட்டும் வேறு. அதே இச்சாப்பூரில், அதே உடலில், .303 அறை வைத்தால் தடை, .315 அறை வைத்தால் அனுமதி.

ஆக 1962 பட்டியல் கேட்பது ‘இது எவ்வளவு பலமாகச் சுடும்?’ என்பதல்ல. ‘அரசுக் கிடங்கிலிருந்து கசியும் தோட்டா இதற்குள் போகுமா?’ என்பதே. 1907 தடை கேட்டது வேறு கேள்வி. அன்று .577/450 மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் கிளர்ச்சியாளர் கைகளில் இருந்தன; அதனால் .450 என்ற விட்டமே குற்றமாயிற்று. யானை வேட்டைக்கான .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா மார்ட்டினியின் அறைக்குள் நுழையவே நுழையாது, ஆனாலும் தடைபட்டது. இந்தியச் சந்தையை இழக்க விரும்பாத ஆங்கிலத் துப்பாக்கி உற்பத்தியாளர்கள் .465, .470, .475, .476 என்று புதிய அளவுகளைக் கொண்டுவந்தார்கள். (ஆண்டை 1907 என்றே பெரும்பாலோர் எழுதுகிறார்கள், ஓரிரு ஆண்டு முன்தள்ளுவோரும் உண்டு. என் வாதத்துக்கு அது தடையில்லை.) விட்டத்தை அளந்த சட்டத்தை, விட்டத்தைக் கொஞ்சம் மாற்றியே கடந்துவிட்டார்கள். ‘எந்தத் துளையளவானாலும்’ என்று 1962இல் எழுதியவர்கள் அந்த ஓட்டையை அடைத்தார்கள். தொடர்ச்சி வாசிப்பு காணத் தவறிய மாற்றம் இதுதான்: விட்டத்திலிருந்து அறைக்கு, ஆயுதத்திலிருந்து தோட்டாவுக்கு.

இனி அந்த .445க்கு வருவோம். நான் கண்ட அச்சுப்படிகளில் எண் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் .445 அங்குல விளிம்பற்ற தோட்டா எதையும் பிரிட்டிஷ்-இந்தியப் படை வழக்கில் வைத்திருக்கவில்லை. எழுத்துப்பிழை என்பது உறுதி. எதன் பிழை என்பதுதான் கேள்வி.

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் வீரராசேந்திரன் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு, ஐயமான பாடத்தைத் தீர்க்கும் முறை ஒன்று பழக்கமானது. வீரசோழன் என்ற பதினைந்து படுக்கை ஆதுலசாலைக்கு (மருத்துவமனைக்கு) வாங்கி வைக்க வேண்டிய மருந்துகள் அதில் வரிசையாக வருகின்றன. பாடம் ஐயமான இடத்தில் பக்கத்தில் நிற்கும் மருந்துகளின் இனத்தைக் கொண்டே பெயரை நிறுவ வேண்டியிருக்கிறது. விமலை, சுனேத்ரி என்று அடுத்தடுத்து வரும்போது கண் மருந்துகளின் இனம் என்று கொள்ள இடமிருக்கிறது. சட்ட அட்டவணையும் பட்டியல்தான். அதையும் அப்படியே படிக்கலாம்.

முதல் பாடம் .455. அச்சுக்கோப்பவர் ஒரு 5ஐ 4 ஆக்கினால் போதும், பிழை முடிந்தது. .455 வெப்ளி தானியங்கிக் கைத்துப்பாக்கித் தோட்டா உண்மையிலேயே இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் கடற்படை அதைப் பயன்படுத்தியது. எளிமையை விரும்புவோர் இதையே எடுப்பார்கள்.

இரண்டாம் பாடம் .45, அதாவது தாம்சன் குறுந்துப்பாக்கியின் தோட்டா. நான் இதன் பக்கம் சாய்கிறேன். பட்டியலின் மற்ற எண்களைக் கவனியுங்கள்: .380 என்ஃபீல்டு ரிவால்வருக்கும், .455 விளிம்புள்ளது வெப்ளி ரிவால்வருக்கும், 9 மி.மீ. ஸ்டென்னுக்கும் பிரவுனிங்குக்கும். எல்லாம் இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை கையில் பிடித்தவை. பர்மா போர்முனையில் இந்தியப் படைவீரர்கள் கையில் இருந்த இன்னொரு குறுந்துப்பாக்கி தாம்சன், அதன் தோட்டா .45, விளிம்பற்றது. நான்கு இடமுள்ள பட்டியலில் மூன்று அந்தப் போரின் கிடங்கிலிருந்து வரும்போது, நான்காவது மட்டும் 1912ஆம் ஆண்டுக் கடற்படைத் தோட்டா என்று கொள்வது பொருந்தவில்லை.

‘கார்பைன்’ என்ற சொல் இந்தப் பாடத்துக்கு இன்னொரு வலுச் சேர்க்கிறது. ஸ்டென், தாம்சன் போன்ற தொடர்ச்சுடும் துப்பாக்கிகளை 1959 சட்டமே வரையறையில் பிடித்துவிட்டது. விசையை அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து சுடுவது தடை ஆயுதம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு குண்டு விடும் அரைத் தானியங்கிகளை அதே அட்டவணையின் (ஆ) பிரிவு பொதுவாகவே வளைத்துவிடுகிறது. அப்படியானால் (இ) பிரிவில் கார்பைன் என்று தனியே எழுத வேண்டிய தேவை எங்கே மிஞ்சுகிறது? கையால் போல்ட் இழுத்துச் சுடும், கைத்துப்பாக்கித் தோட்டா கார்பைனுக்குத்தான். அந்த இனத்தில் பிரிட்டிஷ் படையிடம் இருந்தது ஒன்று: வில்லியம் காட்ஃப்ரே டி லைல் வடிவமைத்த ஓசையடக்கிய கார்பைன். லீ-என்ஃபீல்டு போல்ட்டில் .45 விளிம்பற்ற தோட்டாவை ஏற்றுவது. பர்மாவிலும் அது பயன்பட்டது. .45 என்று படித்தால் ‘கார்பைன்’ வெறும் நிரப்புச் சொல்லாக நிற்காது.

இந்த வாதத்தின் மெலிந்த இடமும் எனக்குத் தெரியும். டி லைல் கார்பைன் மொத்தம் ஏறக்குறைய 130தான் செய்யப்பட்டது. அதற்காக ஓர் அட்டவணையில் சொல் சேர்ப்பார்களா? (ஆ) பிரிவோ (இ)யில் உள்ளவை நீங்கலாக என்றே தொடங்குகிறது. ஆக, எழுதியவர் மனத்தில் அரைத் தானியங்கி 9 மி.மீ. கார்பைனும் இருந்திருக்கலாம். டி லைலை முடிவான சான்றாக நான் வைக்கவில்லை. அது இல்லாவிட்டாலும் பட்டியலின் காலம் 1940கள் என்பதும், அதன் மனம் தோட்டாக் கிடங்கில் இருந்தது என்பதும் நிற்கும். 1962இல் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த 7.62 மி.மீ.யும் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். எழுதியவர் பழைய கலகத்தை நினைத்து எழுதவில்லை. தம் நாளின் படைக்கலக் கிடங்கை எண்ணி எழுதினார்.

பாடத்தேர்வு வெறும் புலமை விளையாட்டு என்று கருத வேண்டாம். .455 என்று படித்தால் அருங்காட்சியகத் துப்பாக்கி ஒன்று தடையாகும். .45 என்று படித்தால் உலகில் மிகப் பரவலான கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்று முழுவதும் தடைக்குள் வரும். ஒருவர் சிறை செல்வதும் செல்லாததும் இப்படி ஒரு எண்ணில் தொங்கக்கூடும்.

1959 சட்டமும் விதிகளும் நடைமுறைக்கு வந்தது 1962 அக்டோபர் 1. சீனப் போர் மூண்டது அதே மாதம் 20. அதன் பிறகான ஆண்டுகளில் கான்பூர் சிறுபடைக்கலத் தொழிற்சாலையில் பிரிட்டனின் ஸ்டெர்லிங் ‘1ஏ’ என்ற பெயரில் பெருவாரியாகத் தயாராயிற்று. பேருந்து நிலையத்திலோ நீதிமன்ற வாசலிலோ காவலர் தோளில் தொங்கிய, பக்கவாட்டில் வளைந்த மேகசின் நீட்டிய துப்பாக்கியை நம்மில் பலர் பார்த்திருப்போம், அதுதான் இது. எடை சுமார் 2.7 கிலோ, மேகசினில் 34 தோட்டா, கட்டையை மடித்தால் நீளம் அரை மீட்டருக்கும் குறைவு. ‘2ஏ1’ என்பது அதன் ஓசையடக்கிய வடிவம். இந்த இனம் பரவியதற்கு விலையே முதற்காரணம். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் தாம்சன் ஒன்று 200 டாலருக்கு மேல்; ஸ்டென் சுமார் 10 டாலர். உழவுக் கருவிபோல் தகட்டை வளைத்துக் குழாயைப் பற்றவைத்துச் செய்ததால் கிடைத்த மலிவு அது.

இன்று படையே இந்த 9 மி.மீ. தோட்டாவை விட்டு விலகுகிறது. ஜே.வி.பி.சி. எனப்படும் கார்பைன் 5.56×30 மி.மீ. என்ற இடைநிலைத் தோட்டாவுக்குச் சென்றது. எடை சுமார் 3 கிலோ. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையின் ‘டிரைகா’ 7.62×39 மி.மீ. ரைபிள் தோட்டாவையே குறுங்குழலில் சுடுகிறது. 2025 டிசம்பரில் பாரத் ஃபோர்ஜ், பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ் ஆகிய இரு நிறுவனங்களோடு பாதுகாப்பு அமைச்சகம் கையெழுத்திட்டது 4.25 லட்சம் கார்பைன்களுக்கு, 2,770 கோடி ரூபாய்க்கு. துணைக்கருவிகள் சேர்த்து ஒன்று ஏறத்தாழ 65,000 ரூபாய். அவையும் 5.56×45 மி.மீ. ரைபிள் தோட்டாவுக்கானவை. 9 மி.மீ.யைக் கைவிடாமல் வந்த புதியது ‘அஸ்மி’. 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அதன் எடை 2 கிலோவுக்குள், உற்பத்திச் செலவு 50,000 ரூபாய்க்குள் என்று அரசே சொன்னது.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் உரிமதாரர் கொடுக்கும் விலையை வைத்துப் பாருங்கள். 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை ஒன்று வெளியிட்ட ‘நிர்பீக்’ .32 ரிவால்வர், ஆறு தோட்டா, அரைக் கிலோ எடை. விலை 1,22,360 ரூபாய். ஒன்று உற்பத்திச் செலவு, மற்றது வரியோடு கூடிய விற்பனை விலை; காலமும் வேறு. நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு வேலைப்பாடு மட்டும் காரணமாக முடியாது. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றது. அதன்பின் பழைய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகள் இங்கே லட்சங்களில் கைமாறின. 9 மி.மீ. மூடிய கதவு, .32 திறந்த சாளரம். எல்லோரும் அந்தச் சாளரத்தின் முன்னே வரிசையில் நிற்கிறார்கள். இந்தியாவில் துப்பாக்கியின் விலையை அதன் செயல்திறன் தீர்மானிப்பதில்லை, அது எந்தத் தோட்டாவை விழுங்கும் என்பதே தீர்மானிக்கிறது. தோட்டாக் கசிவுக்கு அஞ்சி 1962இல் போட்ட கோடு, படை அந்தத் தோட்டாவை விட்டுப் போகும் இந்நாளிலும் சந்தையை ஆள்கிறது. கோடு நீங்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. மலிவான 9 மி.மீ. கார்பைன் கடைவீதிக்கு வருவதை விரும்புபவனும் அல்லன். காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதே என் வழக்கு.

.445ஐத் தீர்க்க ஒரே வழி 1962ஆம் ஆண்டு அரசிதழின் மூலப் படியையும், விதிகளை வரைந்த உள்துறைக் கோப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே. தில்லி ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் தமிழ் ஆய்வாளர் எவராவது அந்த வரியைப் படம் எடுத்து வெளியிட்டால், என் பாடம் நின்றாலும் விழுந்தாலும், சட்டப் புத்தகங்கள் திருந்தும். செய்ய வேண்டுகிறேன்.