அண்ணன் மலை, தம்பி மலை

ராசிபுரத்தில் மொட்டைமாடியில் ஏறி நின்றால் போதும், மலைதான். தென்கிழக்கே மேசையை இழுத்துப் போட்டது போல நீண்டு கிடப்பது கொல்லி. வடக்கே போதமலை. அதற்கும் அப்பால், சேலம் நகரத்தின் தலைமாட்டில் நிற்பது சேர்வராயன். சேர்வராயன் என்று சொன்னால் வெளியூர்க்காரர் விழிப்பார். ஏற்காடு என்றால் உடனே தலையாட்டுவார். ஒரு மலையின் பெயரை அதன் மேலிருக்கும் ஊரின் பெயர் விழுங்கிவிட்டது. கொல்லிக்கு அது நடக்கவில்லை. அங்கே செம்மேடு இருக்கிறது, சோளக்காடு இருக்கிறது. ஆனாலும் போகிறவர்கள் "கொல்லிமலைக்குப் போறோம்" என்றுதான் சொல்கிறார்கள். இரு மலைகளுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இந்தப் பேச்சுவழக்கிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு முன்னால் ஒற்றுமையைச் சொல்லிவிடவேண்டும். இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலைகள். இரண்டுக்கும் உள்ளுடம்பு ஒரே கல்: சார்னோக்கைட். கல்கத்தாவோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை பல்லாவரத்துக் கல்லால் ஆனது. அதைப் பார்த்து வைத்த பெயர். கருநீலமாக, எண்ணெய் தடவியது போல மின்னும் இந்தக் கல்லின் உச்சிப் பரப்பு கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கரைந்து செம்மண்ணாகி, அலுமினியத் தாதான பாக்சைட்டாகப் படிந்தது. இரண்டு மலையிலிருந்தும் அது லாரி லாரியாக மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியது. வெட்டிய இடங்கள் இன்னும் செந்தழும்பாகத் தெரியும்.

மேலே வாழ்கிறவர்களும் ஒரே மக்கள்தான். மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வந்தது. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வேட்டைக்கு வந்து, திரும்ப முடியாமல் மலையேறிக் குடியமர்ந்த மூன்று சகோதரர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. பெரியண்ணன் சேர்வராயனிலும், மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லியிலும் தங்கினார்களாம். சொல்பவர் எந்த மலைக்காரர் என்பதைப் பொறுத்து மூத்தவர் யார், இளையவர் யார் என்பது கொஞ்சம் முன்பின்னாகும். அது எந்தக் குடும்பத்திலும் நடப்பதுதான். இந்தக் கட்டுரைக்குச் சேர்வராயனை அண்ணன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன் தம்பியைவிட உயரம். ஏற்காடு ஊரே சுமார் 1500 மீட்டரில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் உச்சி 1600 மீட்டரைத் தாண்டும். கொல்லியின் பரப்பு பெரும்பாலும் 1000 முதல் 1300 மீட்டருக்குள். இந்தச் சில நூறு மீட்டர் கணக்கில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

எழுத்தில் முந்திக்கொண்டது தம்பி. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை கொல்லி. வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் உடம்பில் போய்த் தைக்கிறது. அம்பின் வேகத்தைப் புலவர் மிகைப்படுத்தியிருக்கலாம். நான் அந்தப் பாட்டை வேறு விதமாகப் படிக்கிறேன்: பெரியதிலிருந்து சின்னது வரை ஒரு காட்டின் உயிர்ப்பட்டியல் அது. அந்தப் பட்டியலில் யானையும் புலியும் இன்று கொல்லியில் இல்லை. பன்றி இருக்கிறது, தேவைக்கு அதிகமாகவே. கிழங்குக் காட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். உடும்பு இருக்கிறது. கரடியும் தேவாங்கும் இருக்கின்றன. ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். மலை கைமாறியது. அதற்கு முன்னும் பின்னும் அந்த மலையில் கொல்லிப்பாவை நின்றுகொண்டே இருக்கிறாள், காற்றும் இடியும் அசைக்க முடியாத பதுமையாக. எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்கிறார்கள் மலைமேல்.

சேர்வராயன் என்ற பெயருக்குச் சங்கப் பாட்டில் இடம் இல்லை. அண்ணனின் பெயர் ஏட்டில் அழுத்தமாக ஏறியது 19ஆம் நூற்றாண்டில்தான், அதுவும் கலெக்டர் கச்சேரி ஏட்டில். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1820 முதல் 1829 வரை கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலைமேல் காப்பி நட்டார். பேரியும் ஆப்பிளும் வைத்துப் பார்த்தார். ஆப்பிள் நிற்கவில்லை. காப்பி நின்றது. கிரேஞ்ச் எஸ்டேட் அந்தக் காலத்துத் தொடக்கம். பிறகு பங்களா வந்தது, தேவாலயம் வந்தது, கான்வென்ட் வந்தது, 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி வந்தது. ஏரியும் காடும் சேர்ந்த ஊர் ஏற்காடு ஆனதென்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஏரியில் இப்போது படகு ஓடுகிறது, காடாக இருந்த இடத்தில் பெரும்பகுதி சில்வர் ஓக் நிழலில் காப்பிச்செடி.

சரி, அதே துரைமார் ஏன் கொல்லிக்கு வரவில்லை? மண் ஒன்று, மழை ஏறக்குறைய ஒன்று. காப்பி அங்கேயும் நன்றாகவே வரும். இன்றைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

காய்ச்சல்தான் காரணம். மலேரியாவுக்குத் தமிழில் மலைக்காய்ச்சல் என்றே பெயர் இருந்தது. கொல்லியில் மேட்டில் புன்செய், பள்ளத்தில் ஓடையை ஒட்டிப் படிப்படியாக நெல்வயல். நீர் நிற்கும், கொசு பெருகும், 1500 மீட்டர்க் குளிரும் கிடையாது. கீழ்நாட்டுக்காரர்கூட இரவு தங்க அஞ்சிய மலை. ஏற்காட்டின் குளிர்ந்த உச்சி வெள்ளைக்காரனுக்கு ஆரோக்கியம் கொடுத்தது. கொல்லியின் பள்ளம் அவனுக்குக் குழி தோண்டியது.

இது வெறும் பேச்சுக்குச் சொல்லும் உவமை இல்லை. 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதி கொல்லிக்கு ஏறினார்கள். அடுத்த ஆண்டு அங்கேயே பிறந்த மகன்தான், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். தந்தை 1929இல் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் மலைமேலேயே இறந்தார். தாய் மலையை விடவில்லை. கிழவியான பிறகும் மட்டக்குதிரையில் மலை மலையாகச் சுற்றி, 1974இல், 95 வயதில் காலமானார். கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம். ஏற்காட்டுக்கு வந்த வெள்ளையர் எத்தனையோ பேர். கொல்லிக்கு வந்தவர் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குவர். வந்தவர்களும் நிலம் தேடி வரவில்லை.

ஆகவே என் வாதம் இது: கொல்லியைக் கொல்லியாக வைத்திருந்தது ஓரியும் இல்லை, பாவையும் இல்லை, கொசு. பெருமைக்குரிய காவலன் இல்லைதான். மலைக்காரர்களும் அதே காய்ச்சலில் செத்தார்கள் என்பதை மறந்துவிட்டு இதைச் சொல்லக்கூடாது. ஆனால் அந்த நூறு ஆண்டு இடைவெளியில் அண்ணன் மலையில் நிலம் எஸ்டேட் எஸ்டேட்டாகக் கைமாறியது. தம்பி மலையில் பெரும்பாலும் மலையாளிகள் கையிலேயே தங்கியது. வாழவந்திநாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, வளப்பூர்நாடு, குண்டூர்நாடு என்று கொல்லியின் ஊராட்சிகள் இன்னும் நாட்டுப் பெயரோடு நிற்கின்றன. சேர்வராயனிலும் நாடுகள் இருந்தன, இருக்கின்றன; சுற்றுலாப் பலகையில்தான் அவற்றுக்கு இடமில்லை. அங்கே லேடிஸ் சீட் இருக்கிறது, பகோடா பாயின்ட் இருக்கிறது.

நிலம் கையில் இருந்தால் என்ன விளையும் என்பதற்குச் சாமை ஒரு சாட்சி. கொல்லியில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று ஒவ்வொன்றிலும் பல ரகம் வைத்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் செம்மேட்டுக்கு அப்பால் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டி சாமை குத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உரலில் ஒரு படி போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் கொட்டிப் புடைத்து, உமி பறந்ததும் மறுபடி உரல். கடுகைவிடச் சற்றே பெரிய மணி, வழுக்கிக்கொண்டு ஓடும். குத்து பலமாக விழுந்தால் நொய்யாகிவிடும், மெதுவாக விழுந்தால் தோல் போகாது. மூன்றாம் முறை புடைத்தபோதும் பாதி மணி உமியோடுதான் இருந்தது. "எத்தனை வாட்டி குத்தணும் ஆயா?" என்றேன். "கை விட்டுப்போற வரைக்கும், கண்ணு" என்றார். சாமைச்சோறு உடம்புக்கு நல்லது என்று நகரத்தில் எழுதுகிறவர்கள் அந்த உலக்கையை ஒரு மணி நேரம் பிடித்துவிட்டு எழுதலாம். நான் ஐந்து நிமிடம் பிடித்தேன், போதும் என்றாகிவிட்டது.

சாமை குறைந்ததற்கு இந்த உலக்கையும் ஒரு காரணம். இன்னொரு காரணம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. சாலை வந்தது, சாலையோடு லாரி வந்தது, சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு இறங்கியது. கையில் ரொக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லியில் சிறுதானியத்துக்காக வேலை செய்தபோது விதையோடு நிற்காமல், தோல் நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊருக்குள் கொண்டுவந்ததைத்தான் நான் உருப்படியான காரியமாக நினைக்கிறேன். பெண்களின் தோள்வலியைக் கணக்கில் எடுக்காத எந்தப் பாரம்பரிய மீட்பும் நிற்காது.

காட்டு விலங்கு கண்ணில் படவேண்டுமானால் அண்ணன் மலைக்குத்தான் போகவேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குள் காட்டுமாடு சர்வசாதாரணமாக மேய்கிறது. விடிகாலைப் பனியில் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே ஒரு கரும்பாறை இருப்பதாக நினைத்து நடந்தால், பாறை வெள்ளைக் காலுறை போட்ட கால்களோடு எழுந்து நிற்கும். செல்ஃபி எடுக்க நெருங்குகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. ஒரு டன் வரை எடையுள்ள பிராணி தானே சொல்லிக்கொள்ளும். காடாக இருந்ததை எஸ்டேட் ஆக்கியது பழிதான். என்றாலும் நிழல் மரத்தோடு நிற்கும் காப்பித் தோட்டம் கிழங்குக் காட்டைவிட விலங்குக்கு இடம் கொடுக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். கொல்லியில் மூலக்காடு தப்பிப் பிழைத்திருப்பது பெரும்பாலும் கோயில்காடுகளில். செருப்போடு நுழையமாட்டார்கள், சுள்ளி பொறுக்கமாட்டார்கள். ஒரு சாமிக்கு ஒரு துண்டுக் காடு என்று சிதறிக் கிடக்கிறது.

பெரிய விலங்கைவிட ஒரு பல்லியின் கதை இந்த ஒப்பீட்டுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். சுண்டுவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், மெலிந்த, இரவில் நடமாடும் ஒரு பல்லி. பெடோம் என்ற வனத்துறை அதிகாரி 1870இல் சேர்வராயனிலிருந்து அதற்குப் பெயரிட்டார். தென்னாட்டு மலைகளில் இந்தச் சாயலில் தென்பட்டதையெல்லாம் ஒன்றரை நூற்றாண்டுக்கு ஒரே இனமாக வைத்துக்கொண்டார்கள். 2019இல் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொன்று தனித்தனியாகப் பிரிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது தெரிந்தது. கொல்லிப் பல்லி தனி இனம். அதன் அறிவியல் பெயரிலேயே கொல்லி இருக்கிறது. சேர்வராயனுக்கும் கொல்லிக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பேருந்து இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். குளிர்ந்த மலைக்காட்டில் வாழும் பல்லிக்கு இடையிலுள்ள வெயில் சமவெளி கடல் மாதிரி. இரண்டும் இரண்டு தீவுகள். வேட்டைக்கு வந்து திரும்ப முடியாத சகோதரர்களின் கதையை மனிதருக்கு முன்பே பல்லிகள் வாழ்ந்து பார்த்துவிட்டன.

இப்போது தீவுகள் நெருங்கிவிட்டன. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிக்குக் காரவள்ளியிலிருந்து 70. எண் அதிகம் என்பதே கொல்லிக்கு விளம்பரமாகி, வளைவை எண்ணிக்கொண்டு பைக்கில் வருகிறார்கள். மேமாதக் கோடைவிழா அங்கே, ஆடியில் வல்வில் ஓரி விழா இங்கே. மலையாளிகள் தாங்கள் மே மாதத்தில் சேர்வராயன் குகைக்கோயிலில் கூடுவதைத் தனியாக வைத்திருக்கிறார்கள். இரு மலைகளிலும் சாலையோரம் முடவாட்டுக்கால் கிழங்கைக் குவித்து, ஆட்டுக்கால் சூப்புக்கு ஈடு என்று கூவி விற்கிறார்கள். ரோமம் மூடிய அந்தக் கிழங்கு மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் பெரணியின் தண்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இத்தனை மூட்டை இறங்கினால் பாறைகள் எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று தெரியவில்லை. கொல்லியில் விடுதிகள் முளைக்கும் வேகத்தைப் பார்த்தால், அண்ணன் நூறாண்டில் நடந்த தூரத்தைத் தம்பி இருபதாண்டில் ஓடிவிடுவான் போலிருக்கிறது. கொசு போய்விட்டது, இனிக் காவலுக்கு இருப்பது பட்டாவும் ஓட்டும்தான்.

ஓட்டைப் பொறுத்தவரை இரு மலைகளும் இன்றும் அண்ணன் தம்பிதான். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு. மற்றது கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம்.