மண் சுமந்தோரும் நீர் பெற்றோரும்

ஏரிக்கு மண் சுமந்தவர் யாவர், அவ்வேரி நீரில் பங்கு பெற்றவர் யாவர் என்னும் வினாவை நம் ஊர் வரலாறுகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. கரை காத்து, மதகு திறந்து, வயல்தோறும் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் நம்மவரே. ஆயினும் நீருரிமை நிலத்தைத் தொடர்ந்தது. நிலமோ நம்மவரிடம் இல்லை. நமது சிறுவயதில் ஏரிக்கரை அரித்த மழையிரவில் சேரிக்குத்தான் முதலில் ஆள் வந்தது. விடியுமட்டும் மண் சுமந்து கரையைக் காத்தனர். மறுநாள் குடத்துடன் எத்துறையில் இறங்கலாம் என்னும் பழைய கட்டுப்பாடு மட்டும் கரையாமல் நின்றது.

மராட்டியத்து மகாடு நகரில் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைப் பருகியது, பொதுக்குளத்தில் இறங்கும் உரிமைக்காக. பாசனத்தில் பங்கு என்பது அதற்கடுத்த படி. 1972ஆம் ஆண்டின் கொடும் வறட்சிக்குப் பின், அதே மாநிலத்தில் புனே மாவட்டத்து நாய்காவ் சிற்றூரில் விலாஸ்ராவ் சாளுங்கே என்னும் பொறியாளர் சிறு மண்ணணைகளால் மழைநீரைத் தேக்கி, 1974 முதல் ‘பாணி பஞ்சாயத்து’ முறையை வகுத்தார். தலைக்கு அரை ஏக்கருக்குரிய நீர். குடும்பத்திற்கு இரண்டரை ஏக்கரே உச்சம். நீரைக் குடிக்கும் கரும்புக்கு இடமில்லை. நிலமற்றோருக்கும் நீர்ப்பங்கு உண்டு. இக்கடைசி விதியே நம் கவனத்திற்குரியது.

அரியானாவின் சுகோமாஜ்ரியில் அவ்விதி வாதாடிப் பெறப்பட்டது. சண்டிகரின் சுக்னா ஏரியில் வண்டல் நிறைந்ததற்குக் காரணம் தேடிய மண்வள அறிஞர் பி. ஆர். மிஸ்ரா, மலைச்சரிவில் மேய்ந்த ஆடுமாடுகளையும் அரிப்பையும் கண்டார். 1976இல் அங்கு முதல் மண்ணணை எழுந்தது. மேய்ச்சலை நிறுத்தினால் அணைநீர் தரப்படும் என்றனர். நிலமுடையோர் இசைந்தனர். நிலமற்றோரோ, “மேய்ச்சலையும் இழந்து நீரும் பெறாமல் நாங்கள் ஏன் மலையைக் காக்க வேண்டும்?” என்னும் கருத்துப்பட வாதிட்டனர். எவ்வளவு நேர்மையான கணக்கு! வேலி போட்டு மலையைக் காக்க இயலாது. ஒரு வீடு மாடு ஓட்டினாலும் வண்டல் அணையை மூடிவிடும். ஆதலால் நிலம் இருப்பினும் இல்லாவிடினும் வீட்டுக்கொரு சமபங்கு என முடிவாயிற்று. நிலமற்றோர் தம் பங்கை விற்கவும், குத்தகை நிலத்திற்குப் பாய்ச்சவும் வழி பிறந்தது. காக்கப்பட்ட சரிவில் புல்லும் செழித்தது.

பின்னாளில் அங்கும் சமபங்கு முறை நெகிழ்ந்து, மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி நீர் பெறும் வழக்கம் வந்தது. கட்டணம் செலுத்தினும், பாய்ச்ச நிலம் வேண்டுமே.