பிஸ்கட்

பிஸ்கட் என்ற சொல்லின் வேர்ப்பொருள் ‘இருமுறை வெந்தது’. லத்தீனில் ‘பிஸ்’ என்றால் இருமுறை, ‘கோக்டுஸ்’ என்றால் வெந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்தது. ஒருமுறை சுட்டதை ஈரம் போக மறுபடி அடுப்பில் காயவைத்த கெட்டியான பண்டமே அன்றைய பிஸ்கட். மாதக்கணக்கில் கெடாததால் மாலுமிகளின் உணவாயிற்று. இன்று வீட்டில் மைதா, வெண்ணெய், சர்க்கரை பிசைந்து செய்யும் பிஸ்கட் ஒரே முறைதான் வேகிறது. 180 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் போதும். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். அப்போது தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறியபின்பே மொறுமொறுப்பு வரும். பழைய பொருளுக்கு இன்றும் பொருந்துவது டீயில் தோய்த்துத் தின்னும் ரஸ்க். அமெரிக்காவிலோ பிஸ்கட் என்பது பேக்கிங் பவுடரால் உப்பிய மென்மையான சிறு ரொட்டி.