அரமனைக்காரன் யார்?

செவ்வாய்க்கிழமைகளில் பாரிமுனையில் பேருந்தை விட்டு இறங்கி, மெழுகுவத்தியும் மாலையுமாக அந்தோணியார் கோயிலுக்கு நடக்கிறவர்களிடம் தெருவின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். 'அரமனைக்காரன் தெரு' என்பார்கள். எழுதும்போது அது 'அரண்மனைக்காரன் தெரு'. உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம், என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து வடக்கே பிரிகிற தெரு அது. அங்கே அரண்மனை இல்லை. நவாபின் மாளிகைகூடச் சேப்பாக்கத்தில்தான் இருந்தது. தெருவின் ஆங்கிலப் பெயர் 'ஆர்மேனியன் ஸ்ட்ரீட்'. அந்த 'ஆர்மேனிய'னைத்தான் நம்மவர்கள் 'அரண்மனை' ஆக்கிவிட்டார்கள் என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம்.

பாதி சரி. ஆனால் 'ஆர்மேனியன்' என்பதிலுள்ள 'மே' என்ற நெடில் எங்கே போயிற்று? ஆங்கிலச் சொல்லைக் கேட்ட தமிழ்க் காது அந்த நெடிலை அவ்வளவு எளிதில் தொலைத்திருக்காது. தெருவுக்குப் பெயர் தந்த ஆர்மேனிய வணிகர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அல்லர், பாரசீகத்திலிருந்து வந்தவர்கள். இஸ்பகான் நகரை ஒட்டிய புதிய ஜுல்பா அவர்களுடைய ஊர். பாரசீகத்தில் ஆர்மேனியனுக்கு 'அர்மனி' என்று பெயர். டாக்காவில் அவர்கள் வாழ்ந்த பேட்டை இன்றும் 'அர்மானிதோலா'தான். அவர்களோ தங்களை 'ஹாய்' என்று சொல்லிக்கொள்பவர்கள். 'அர்மனி'யே அயலார் வைத்த பெயர். வெள்ளைக்காரன், சீனாக்காரன் என்பதுபோல் அதோடு 'காரன்' சேர்ந்தால் 'அர்மனிக்காரன்'. சென்னைத் தெருவில் முதலில் புழங்கியது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் துணிபு.

அடுத்து 'ர்ம' என்ற கூட்டு. தமிழ் நாக்குக்கு அது இடறும். தர்மத்தைத் தருமம் என்றும், கர்மத்தைக் கருமம் என்றும் நடுவில் ஓர் உகரம் வைத்துத் தளர்த்திக்கொண்டவர்கள் நாம். அந்தக் கணக்குப்படி இதுவும் 'அருமனி' ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 'அரமனை' என்று ஒரு சொல் பேச்சுவழக்கில் ஏற்கெனவே இருந்தது; கன்னடத்திலும் அரண்மனைக்கு 'அரமனெ' என்றுதான் பெயர். பழகிய அந்தச் சொல் பக்கத்திலேயே இருக்க, புதுச்சொல் போய் அதில் கலந்துவிட்டது. பிறகு எழுதுகோல் பிடித்தவர் 'அரமனை'யைக் கொச்சை என்று எண்ணி 'ண்' சேர்த்துத் திருத்தியிருப்பார். அந்த ஒற்றெழுத்தோடு பழைய ஒலி மறைந்தது. பேச்சுவழக்கு இந்த இடத்தில் எழுத்தைவிட உண்மையானது.

பொருளும் உடன்பட்டிருக்கும். பட்டும் மணிக்கற்களும் துணியும் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்தவர்கள் அவர்கள். 1688-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஓர் ஒப்பந்தமே செய்துகொண்டது. நாற்பது ஆர்மேனியர் குடியேறும் ஊரில் அவர்களுக்கு மாதாகோயில் கட்டித்தரக் கம்பெனி அதில் ஒப்புக்கொண்டது. இத்தகைய செல்வர்களை அரண்மனைக்காரன் என்று அழைப்பதில் கேட்பவருக்கு எந்த உறுத்தலும் இருந்திருக்காது.

அவர்களில் ஒருவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார்; பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் தந்தவை. அந்தப் பாலத்தின் பெயர் 'மர்மலாங்'. இது நம் மாம்பலம் என்ற ஊர்ப்பெயர் ஐரோப்பியர் வாயில் பட்ட பாடு. அர்மனியை நாம் அரமனை ஆக்கினோம், மாம்பலத்தை அவர்கள் மர்மலாங் ஆக்கினார்கள். பிற்காலத்தில் அதற்குச் சூட்டிய பெயர் மறைமலை அடிகள் பாலம். 'மர்மலாங்', 'மறைமலை' இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் ஒலி ஒட்டியே வருகிறது. பாரிமுனையின் கதையும் இப்படித்தான். பாரி வள்ளலுக்கும் பாரிமுனைக்கும் தொடர்பில்லை. 1788-இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வணிகரின் பெயர் அது. ஆனாலும் கேட்கிற தமிழனுக்கு முதலில் நினைவுக்கு வருகிறவன் பறம்புமலைப் பாரிதான்.

அரண்மனைக்காரன் தெருவை 'ஆர்மேனியர் தெரு' என்று திருத்திவிட வேண்டும் என்றால் எனக்கு உடன்பாடில்லை. திருத்தினால் அந்த மக்களின் பெயர் துலங்கும்; ஆனால் அதைத் தம் வாயில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வைத்துக் காத்த மக்களின் உச்சரிப்பு அழிந்துபோகும். பலகையில் பெயருக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் எழுதினால் போதும். அதைத்தான் மனமார வேண்டுகிறேன்.

அந்தோணியார் கோயில் வரை போகிறவர்கள் அதே தெருவிலுள்ள இன்னொரு வாசலுக்குள்ளும் நுழைய வேண்டும். 1772-இல் எழுந்த ஆர்மேனியர் ஆலயம் அது. இங்கே வழிபட ஆர்மேனியக் குடும்பங்கள் இல்லாமல் போய் வெகுகாலமாகிறது. முற்றத்தில் காலடியெங்கும் கல்லறைப் பலகைகள். அவற்றில் நமக்குப் புரியாத வளைந்த எழுத்துகள். 1794-இல் உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழான 'அஸ்தரார்' என்பதைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்ட பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோனியனும் இங்கேதான் உறங்குகிறார். ஆலயத்தை விட்டுத் தனியே நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்றில் பொறித்திருப்பவை தமிழ் எழுத்துகள்.