உயிரை எடைபோட்ட தராசு

1818இல் கல்கத்தாவில் ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. அக்கால ஐரோப்பிய நிறுவனங்கள் இந்தியரின் உயிரைத் தரம் குறைந்ததெனக் கணித்து, கூடுதல் பிரீமியம் வசூலித்தன. 1870இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கமே இந்தியருக்கும் வழக்கமான கட்டணத்தை விதித்தது.

1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. ஆயினும் பாகுபாடு முற்றிலும் ஒழியவில்லை. அரசிலும் பெயர்பெற்ற நிறுவனங்களிலும் சம்பளம் பெறுவோருக்கு மட்டுமே என எல்.ஐ.சி. ஒரு குறைந்த கட்டணப் பாலிசியை வரையறுத்திருந்தது. அந்நிபந்தனை அரசியல் சாசனத்துக்கு முரணானது என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வராயன் மலையின் உழவரும் கள்ளக்குறிச்சியின் சிறுவணிகரும் அதுவரை அந்நிபந்தனைக்கு வெளியே நின்றவர்களே.

காப்பீடு கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஆபத்தைக் கணிப்பது வேறு, பிறப்பையும் பிழைப்பையும் பார்த்து ஒதுக்குவது வேறு. நிறுவையில் நீதி தவறாதீர் என்னும் குர்ஆனின் கட்டளை, மனித உயிரை எடைபோடும் தராசுக்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.