முழங்கால் தசைநார் சீரமைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் நிற்கும் சமநிலை

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைப்பது முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) ஆகும். கபடி, கால்பந்து ஆட்டங்களிலும் இரு சக்கர வாகன விபத்துகளிலும் இது அறுந்துபோகலாம். பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கப்படும் தசைநாண், அறுந்த தசைநாருக்கு மாற்றாகப் பொருத்தப்படுகிறது. தையல் பிரித்து வலி குறைந்த பின்னரும், அக்காலை ஊன்றி நிற்கையில் தடுமாற்றம் ஏற்படுவது இயல்பே. முறையான பயிற்சியால் இது சீராகும்.

தடுமாற்றம் ஏன் ஏற்படுகிறது?

முழங்கால் எந்த அளவு மடங்கியுள்ளது என்பதை மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகள் தசைநாரில் உள்ளன. புதிய ஒட்டில் தொடக்கத்தில் இவை இல்லை. மூட்டு வீக்கத்தால் தொடையின் முன்புறத் தசையும் மெலிகிறது. இக்குறையைக் கண்பார்வை ஓரளவு ஈடுசெய்வதால், இருட்டில் தடுமாற்றம் அதிகமாகும்.

படிப்படியான பயிற்சி

உங்கள் அறுவை மருத்துவர் வேறு அறிவுரை வழங்கியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். குறுத்தெலும்பும் தைக்கப்பட்டிருந்தால் காலை ஊன்றும் காலம் மாறுபடும்.

• முதல் 2 வாரங்கள்: ஊன்றுகோலுடன் நிற்றல்; முழங்காலை முழுமையாக நீட்டப் பழகுதல்.
• 2 முதல் 6 வாரங்கள்: கண்ணாடி முன் நின்று, இரு கால்களிலும் எடையைச் சமமாகத் தாங்குதல்.
• 6 முதல் 12 வாரங்கள்: மேசையைப் பிடித்து, முழங்காலைச் சற்றே மடக்கி ஒற்றைக் காலில் 10 வினாடிகள் நிற்றல், மெல்ல 30 வினாடிகளாக உயர்த்துதல்.
• அதன் பின்: இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் மெத்தை மீதும் கண்களை மூடியும் நிற்றல். குதித்தலை அவர் அனுமதித்த பின்னரே தொடங்க வேண்டும்.

முதல் சில மாதங்களில் ஒட்டு உடலோடு இணைந்து உருமாறுவதால் அது வலுக்குறைந்திருக்கும். வலி மறைவதும் இக்காலத்தில்தான். எனவே, வலியில்லை என்பதால் ஒட்டு உறுதியாகிவிட்டது எனக் கருதாதீர்கள். விளையாட்டுக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதங்கள் காத்திருப்பது மீண்டும் அறுந்துபோகும் வாய்ப்பைக் குறைக்கும்.

நின்று பணிபுரிவோர் கவனத்திற்கு

ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளுக்கு ஷிப்ட் வேலைக்குச் செல்வோர், பணிக்குத் திரும்பும் நாளை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அமர்ந்து செய்யும் பணி தேவையெனில் மருத்துவச் சான்று பெறுங்கள். பேருந்தில் ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது அறுவை செய்த காலையும் முதலில் வையுங்கள். எண்ணெய் படிந்த தரையைத் தவிர்த்திடுங்கள்.

தகுதியுள்ள இ.எஸ்.ஐ. காப்பீட்டாளருக்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். பணியின்போது நேர்ந்த காயமெனில் 90 சதவீதம் கிடைக்கும். ஊதியத்துக்காக அவசரப்பட்டுப் பணிக்குத் திரும்பும் முன் இவ்வுரிமையைக் கேட்டறியுங்கள்.

பராமரிப்பாளர் செய்ய வேண்டியவை

• நோயாளி நிற்கையில் அறுவை செய்த காலின் பக்கம், சற்றுப் பின்னே நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல் இடுப்பைத் தாங்குங்கள்.
• குளியலறைத் தரையை உலர்வாக வைத்திடுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும்.
• மருத்துவர் அனுமதிக்கும் வரை குந்தி அமராதிருக்க, நாற்காலி வகைக் கழிப்பறையைப் பயன்படுத்தச் செய்யுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம்
• காய்ச்சல், தையலில் சீழ்
• 'டப்' என்ற ஒலியுடன் முழங்கால் நழுவுதல், திடீர் வீக்கம்

மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால் காலில் உண்டான இரத்தக் கட்டி நுரையீரலை அடைந்திருக்கலாம். தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

உதவி பெற

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவை அணுகலாம். 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வழங்கப்படும் இயன்முறை சிகிச்சை குறித்து, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.