ஆடும் நாற்காலி: திருத்தத்தில் பிறந்த இருக்கை

கால்களுக்கு அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் இரண்டு வளைந்த கட்டைகளின் மேல் நிற்கும் இருக்கை, ஆடும் நாற்காலி. ராக்கிங் சேர் என்றே பலரும் சொல்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் வேரூன்றி, அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் பரவியது. பழம்பொருள் வணிகத்தில் நூறு வயதைக் கடந்ததை ஆன்டிக் என்றும், அந்த வயதை எட்டாததை விண்டேஜ் என்றும் பிரிக்கிறார்கள். எந்த வகையானாலும் வாங்குவோர் முதலில் கேட்பவை மூன்று: யார் செய்தது, யார் உட்கார்ந்தது, செய்த நாளில் இருந்தபடியே இருக்கிறதா. இந்தக் கேள்விகள் அலமாரிக்கும் மேசைக்கும் பொருந்தலாம். ஆடும் நாற்காலிக்கு முழுதாகப் பொருந்தாது. அது ஒருவர் மனத்தில் முழு உருவில் தோன்றிய பொருள் அல்ல. வீட்டில் ஏற்கெனவே இருந்த நாற்காலியைத் திருத்தியதில் பிறந்தது. திருத்தமும் தேய்மானமும் அதன் குறைகள் அல்ல, அதன் வரலாறே அவைதான் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இதைப் பெஞ்சமின் பிராங்க்ளின் கண்டுபிடித்தார் என்ற கதை இன்றும் உலவுகிறது. அதற்குச் சான்று இல்லை. 1787இல் பிலடெல்பியாவில் அவரைச் சந்தித்த மனாசே கட்லர் என்ற பாதிரியார், பிராங்க்ளினிடம் இருந்த ஆடும் நாற்காலியைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன் மேல் ஒரு பெரிய விசிறி இருந்தது. காலை லேசாக அசைத்தால் அது வீசும். ஆக, பிராங்க்ளின் அதில் உட்கார்ந்ததும் உண்மை, தன் வசதிக்கு ஏற்ப அதில் ஒரு கருவியைச் சேர்த்துக்கொண்டதும் உண்மை. ஆனால் அவருக்கு அப்போது 81 வயது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1774இல், அதே ஊரின் தச்சர் வில்லியம் சேவரி ஓர் ஆடும் நாற்காலிக்கு இருக்கைப் பின்னல் போட்டுக் கொடுத்ததற்குப் பணம் கேட்டிருக்கிறார். புதுமையான பொருளைச் செய்து கொடுத்ததற்கான ரசீது அல்ல அது; பழகிய பொருளைப் பழுதுபார்த்ததற்கான ரசீது. கண்டுபிடிப்பாளர் பெயர் கிடைக்காததற்கு ஆவணக் குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. தொட்டிலின் அடியில் வளைந்த கட்டை வைப்பது ஐரோப்பாவில் நெடுங்காலப் பழக்கம். அதே கட்டையை நாற்காலிக்கு மாற்ற ஊர்த் தச்சரின் கைத்திறன் போதும்.

மரத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஆடுவதற்கென்றே செய்த நாற்காலியில், வளைகட்டையைச் செருகும் வெட்டுக்கு இடம் தரக் காலின் அடிப்பகுதியைத் தடிப்பாக விட்டிருப்பார்கள். கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சற்று உயரத்தில் இருக்கும். சாதாரண நாற்காலியைப் பின்னாளில் மாற்றியிருந்தால் கால் நுனி மெலிந்திருக்கும்; காலை அறுத்துக் குட்டையாக்கியதால் கீழ்ச் சட்டம் வளைகட்டையை ஒட்டி நிற்கும். பழைய நாற்காலிகளில் இரண்டாம் வகை ஏராளம். வளைகட்டையும் மெல்ல மெல்லவே தேறியது. தொடக்கத்தில் அது குட்டையாக, முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவில் நீட்டிக்கொண்டிருந்தது. வேகமாகச் சாய்ந்தால் பின்பக்கம் கவிழும் ஆபத்து உண்டு. பிறகுதான் பின்பகுதியை நீளமாக விட்டார்கள். உட்கார்ந்தவரோடு சேர்ந்த எடையின் மையம், வளைவு எந்த வட்டத்தின் துண்டோ அந்த வட்டத்தின் மையத்துக்குக் கீழே இருக்கும்வரை நாற்காலி தானாக நிலைக்குத் திரும்பும். இந்தக் கணக்கைத் தாளில் போடாமல், உட்கார்ந்து பார்த்து, செதுக்கி, மறுபடி உட்கார்ந்து பார்த்தே அன்றைய தச்சர்கள் எட்டினார்கள்.

யாருக்காக இந்தத் திருத்தம்? முதலில் முதியவர்கள், நோயாளிகள், கைக்குழந்தையோடு இருந்த தாய்மார்கள். பால் கொடுக்கும்போது முழங்கை இடிக்காதபடி கைப்பிடி இல்லாத தாழ்ந்த நாற்காலிகள் தனியாகவே செய்யப்பட்டன. நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் லெபனானிலும் வேறு ஊர்களிலும் துறவு வாழ்க்கை நடத்திய ஷேக்கர் சமயத்தவர், தங்கள் முதியவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவற்றைச் செய்தார்கள். நம் வீடுகளில் ஊஞ்சல் பலகை செய்த வேலையை அங்கே இது செய்தது. பிறகு உடல்நலம் உள்ளவர்களும் பழகிக்கொண்டார்கள். அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1838இல் எழுதிய ஆங்கிலேய எழுத்தாளர் ஹேரியட் மார்ட்டினோவுக்கு இந்தப் பழக்கம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சோம்பல், அழகற்றது என்று கண்டித்தார். இருக்கை என்றால் அசையாமல் உட்கார வேண்டியது என்ற ஐரோப்பிய நாகரிகத்தின் குரல் அது. உடலுக்கு ஓய்வு கொடுப்பது மரியாதைக் குறைவு என்ற அந்த எண்ணத்தை எளிய மக்களின் வீட்டுத் திண்ணைகள் பொருட்படுத்தவில்லை. இந்த நாற்காலியின் சிறப்பென்று நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். திருத்தத்தில் பிறந்தது என்றால், தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் உருவான நாற்காலிகளை எங்கே வைப்பது? கனெக்டிகட்டில் லாம்பர்ட் ஹிட்ச்காக் போன்றோரின் பட்டறைகளிலிருந்து வந்த பாஸ்டன் ராக்கர், பின்னால் மேலேறி முன்னால் கீழ்நோக்கிச் சுருளும் இருக்கையும், கறுப்பு வண்ணத்தின் மேல் அச்சுத்தகடு வைத்துத் தீட்டிய பொன்னிறப் பழங்களும் இலைகளுமாக, ஒரு முழுமையான வடிவம். ஷேக்கர்களும் விற்பனைக்கு இறங்கி, சிறுவர் அளவான 0 முதல் பெரிய 7 வரை எண்ணிட்டு, போலிகளைத் தடுக்கப் பொன்னிற முத்திரை ஒட்டினார்கள். 1876 பிலடெல்பியா கண்காட்சியிலும் வைத்தார்கள். எல்லாவற்றையும்விட வலுவான சான்று மைக்கேல் தோனெட். வியன்னாவைத் தளமாகக் கொண்ட அவருடைய நிறுவனம் பீச் மரக் கம்பை நீராவியில் வேகவைத்து, வெளிப்பக்கம் பிளக்காமல் இரும்புப் பட்டை பிடித்து வளைத்தது. 1860இல் வந்த அதன் முதல் ஆடும் நாற்காலியில் வளைகட்டை, கைப்பிடி, தாங்கு சட்டம் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கும் சுருள்களாக ஓடுகின்றன. இது ஒட்டு வேலை அல்ல, வடிவமைப்பு. இந்த மறுப்பை நான் பெருமளவு ஏற்கிறேன். தோனெட் நாற்காலியில் மூல வடிவம் கெடாதிருப்பது முக்கியம்தான்; அவர் காப்புரிமை 1869இல் முடிந்ததும் கோன் சகோதரர்கள் போன்ற போட்டியாளர்கள் குவிந்ததால், முத்திரையைத் தேடுவதும் தேவைதான். ஆனால் தோனெட் புதிதாகக் கொண்டுவந்தது மரத்தை வளைக்கும் முறை. ஆட்டம் அவருக்கு முன்பே ஊராரின் சொத்து.

உட்கார்ந்தவரின் பெயருக்குக் கிடைக்கும் விலை வேறு விஷயம். முதுகுவலியால் அவதிப்பட்ட அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு மருத்துவர் ஜேனட் டிராவல் ஆடும் நாற்காலியைப் பரிந்துரைத்தார். ஆடும்போது தசைகள் மாறி மாறி இறுகித் தளர்வதால் ஒரே தசை சோர்ந்துபோவதில்லை என்பது அவர் விளக்கம். கென்னடி பயன்படுத்தியது வட கரோலினாவின் ஆஷ்பரோவில் ஒரு தொழிற்சாலை செய்த சாதாரணக் கருவாலி மர நாற்காலி, பிரம்புப் பின்னல் போட்டது. அப்படி ஒன்று 1996இல் சோதபிஸ் ஏலத்தில் 4 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தப் பணம் பெயருக்குப் போனது. நாற்காலியின் பெருமையோ, நாட்டின் தலைவரும் 18ஆம் நூற்றாண்டின் பெயரறியா நோயாளியும் ஒரே காரணத்துக்காக அதை நாடினார்கள் என்பதில் இருக்கிறது. 1865 ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது உட்கார்ந்திருந்த ஆடும் நாற்காலி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஹென்றி ஃபோர்டு அதை 1929இல் 2,400 டாலருக்கு வாங்கினார். இன்று டியர்பார்னில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாய்மானத்தில் உள்ள கருங்கறையை ரத்தம் என்று பார்வையாளர்கள் நினைப்பதுண்டு. அது தலை எண்ணெய். சாதாரண மனிதர்கள் பலர் அதில் தலை சாய்த்து இளைப்பாறிய தடம்.

திருத்தத்தை மதிக்கச் சொன்னால் மோசடிக்கு வழிவிடாதா என்று கேட்கலாம். நேற்று திருகாணி வைத்து முடுக்கிய கட்டையையும் வரலாறு என்று விற்பார்களே. தேய்மானத்தை மதிப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. பல ஆண்டுகள் ஆடிய வளைகட்டை, தரையில் அதிகம் பட்ட நடுப்பகுதியில் தட்டையாகியிருக்கும்; கைப்பிடியின் முன்நுனியில் வண்ணம் போயிருக்கும்; வெட்டுக்குள்ளே மரம் காய்ந்து கறுத்திருக்கும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பவரை ஏமாற்றுவது கடினம். உண்மையான சேதம் வேறு வழியில் நடக்கிறது. புதிதுபோலக் காட்டப் பழைய வண்ணத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் பூசும்போது இந்தச் சான்றுகள் எல்லாம் தூளாக உதிர்கின்றன. பழைய ஆடும் நாற்காலி உங்களிடம் இருந்தால் அதில் உட்காருங்கள், ஆடுங்கள். பிரம்பு அறுந்தால் புதிதாகப் பின்னுங்கள். அது சேவரியின் காலத்திலிருந்து நடப்பதுதான். மேல்பூச்சைச் சுரண்டாதீர்கள். வளைகட்டை பிளந்து மாற்றவேண்டி வந்தால், கழற்றிய பழைய கட்டையை விறகுக்குப் போடாமல் நாற்காலியோடு சேர்த்தே பாதுகாத்து வையுங்கள்.